போர்ட்டில பேர் போட்ட தம்பிக்கு

தம்பி,

நேற்றிரவு வாட்ஸ்அப்பில கேட்டிருந்தாய், கோயில் விறாந்தையில அடிச்ச போர்ட்டில உன்ர பேர் வடிவாத் தெரியுதோ, படம் எடுத்து அனுப்பு எண்டு. எடுத்தனான், அனுப்பேல்லை. கோவிக்காதை.

நீ கோயிலுக்குக் குடுத்த ஃபேன் ஆறும் நல்லா ஓடுது. கிழவிமார் எல்லாம் உனக்காகச் செபிக்கினம், அதில குறையில்லை. ஆனா ‘உபயம்’ எண்டு தங்க எழுத்தில அடிச்ச உன்ர பேர் அந்தோனியாரின்ர பேரை விடப் பெரிசாக் கிடக்கு, அதுக்குக் கீழ கனடா வேற. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

இந்த முறை பெரிய வியாழனுக்கு, யேசு சீசரின்ர காலைக் கழுவின ஞாபகமா, சுவாமி கால் கழுவ பன்னிரண்டு பேரை இருத்தினவை. எல்லாரும் வீட்டிலயே சோப்புப் போட்டுத் தேய்ச்சு, நகம் வெட்டித்தான் வந்தவை, கழுவின காலைத்தான் சுவாமி கழுவினார். ஒரு அப்பு மட்டும் வெடிச்ச குதிக்காலைக் கதிரைக்குக் கீழ இழுத்து இழுத்து ஒளிச்சார், சுவாமி குனிஞ்சு பிடிச்சு வெளிய எடுக்க அந்த மனுசன் அழுதிட்டார். யேசு கால் கழுவ வரேக்க சீசர் இராயப்பரும் முதல்ல விடமாட்டன் எண்டுதானே நிண்டவர். குனியிறது பெரிய விசயம்தான், ஆனா காலை நீட்டிக்கொண்டு இருக்கிறது அதை விடக் கஷ்டம் போல.

அப்பதான் போன வருசம் நீ வந்தது ஞாபகம் வந்தது. கொடிகாமத்து ஆச்சி வீட்டுக்குப் போனனாங்கள். 95 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த அண்டைக்கு, அந்த மழையுக்க நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நசிபட்டுப் போய், ஆரெண்டே தெரியாத அந்த மனுசியின்ர கொட்டிலுக்க ஒதுங்கினது, உன்னை மடியில வச்சு அவ கூழ் பருக்கினது, நீ சின்னன், உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன வருசம் அவ முத்தத்தில கதிரை போட்டு, சில்வர் பேணியில பிளேன்ரீயும் உள்ளங்கையில ரெண்டு துண்டு பனங்கட்டியும் வச்சுக்கொண்டு நிண்டா. நீ வயிறு ஒத்துக்கொள்ளாது எண்டு சொல்லிப் போத்தில் தண்ணி குடிச்சாய். போகேக்க அஞ்சாயிரம் குடுத்தாய். அவ காசை வாங்கினா, பனங்கட்டியைத் திரும்பப் பேப்பரில சுத்தி வச்சா. வான் திரும்பும் வரைக்கும் அந்தப் பொட்டலம் கையிலதான் இருந்தது.

நீ கெட்டவன் இல்லையடா. குடுக்கப் பழகினாய், வாங்கப் பழகேல்லை.

எங்கட யோசேவ் வாஸ் முனிவரைப் பார். கோவாவில குருவா இருந்தவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம், 1687ல கூலியாள் வேசத்தில யாழ்ப்பாணம் வந்தார். வந்த உடன வயித்தோட்டம். ஒரு பொம்பிளை குடுத்த கஞ்சியிலதான் உயிர் தப்பினார் எண்டு சொல்லுவினம். பேந்து கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை எடுத்துத்தான் கத்தோலிக்கர் ஆரெண்டு கண்டுபிடிச்சவர். 2015ல பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு வந்து அவரைப் புனிதராக்கினதை நீ லைவில பாத்திட்டு எனக்குக் கோல் எடுத்து அழுதனி. அவர் அந்தக் கஞ்சியை வேண்டாம் எண்டிருந்தா?

உன்ர கலியாணப் பூசையில ‘அன்பு தற்புகழ்ச்சி கொள்ளாது, இறுமாப்பு அடையாது’ எண்டு வாசிச்சது நான்தான், நாக்குத் தடுக்கினது இப்பவும் ஞாபகம்.

போர்ட்டைக் கழட்டச் சொல்லி நான் சுவாமியிட்டைக் கேக்கமாட்டன், அது உன்ர விருப்பம். ஆடியில வாறாய் எண்டனி. ஆச்சிக்கு இப்ப கண் வடிவாத் தெரியுதில்லை, போன கிழமையும் கேட்டவ, தம்பிக்குப் பனங்கட்டி பிடிக்காதோ, சீனி வாங்கி வைக்கட்டோ எண்டு. என்ன சொல்லட்டும்?

அக்கா