மறதிநோயாளிகளுக்குப் பாதுகாவலர் நியமிக்க எளிய வழி கோரி மனு

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: முடிவெடுக்கும் திறன் இழந்த பெரியவர்களுக்கு வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் (குறிப்பிட்ட முடிவுகளை மட்டும் அவர்கள் சார்பில் எடுப்பவர்) நியமனம் – மாவட்ட அளவில் நடைமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். என் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். மறதிநோய் முற்றி, கையெழுத்துப் போடவும் தெரியாத நிலையில் இருக்கிறார். அவருடைய வைப்புத்தொகையை அவர் மருத்துவச் செலவுக்கே எடுக்க முடியவில்லை. வங்கியில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்கிறார்கள். சட்டம் அப்படி இருக்கையில் அவர்களும் வேறென்ன சொல்வார்கள்?

முன்பே பவர் எழுதி வாங்கியிருக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 201-இன்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதாவது, பவர் தேவைப்படும் நாளில்தான் அது செல்லாமல் போகிறது.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு மட்டுமே. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கூறும் பிரதிநிதி சிகிச்சை பற்றி முடிவெடுக்கலாம். சொத்தில் கைவைக்க முடியாது. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. அதுவும் தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்ன பிறகு, மேல்முறையீட்டில் கிடைத்தது. எல்லாக் குடும்பங்களாலும் அவ்வளவு தூரம் போக இயலாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 14-இல் ஒரு வாசல் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் மட்டுமன்றி, மாநில அரசு அறிவிக்கும் அலுவலரும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை நியமிக்கலாம். எனவே மறதிநோய், பக்கவாதம், தலைக்காயம் ஆகியவற்றால் திறன் இழந்தோருக்கும் இது பொருந்தும் எனத் தெளிவுபடுத்தி, மாவட்டந்தோறும் ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கி, விண்ணப்பத்தை முடிக்கக் கால வரம்பும் விதிக்க வேண்டுகிறேன். படுக்கையில் இருப்பவரை அலுவலகத்துக்குத் தூக்கி வரச் சொல்லாமல், வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும்.

சொத்தை எழுதி வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே மற்ற வாரிசுகளுக்கும் அறிவிப்பு அனுப்புங்கள்; ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள்; வீடு, நிலம் விற்கத் தனி அனுமதி வையுங்கள். முக்கியமாக, நோயாளிக்கு நினைவு தெளிந்திருக்கும் நேரத்தில் அவர் விருப்பத்தையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். என் தந்தைக்கு இன்னமும் சில காலைப் பொழுதுகளில் எல்லாம் தெரிகிறது.

தந்தையின் மருத்துவச் சான்று நகலை இணைத்துள்ளேன். தக்க அரசாணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர் (மகள்)