சமாதானம் ஆனது தெரியாமல்

கடலூர்,
ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வருகிறோம் என்று ஆறு நாளுக்கு முன் நீ போட்ட வாட்ஸ்ஆப், நேற்று ராத்திரிதான் வந்து விழுந்தது. அம்மா அதைப் படித்த பிறகுதான் இரண்டாவது தோசையைத் தொட்டாள்.

சாயங்காலம் சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தபோது தேதி ஞாபகம் வந்தது. 1783-இல் இதே ஜூன் 20, இதே நேரம், இந்தக் கடலில் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் 18 இங்கிலீஷ் போர்க்கப்பல்களும் வரிசை கட்டி நின்று பீரங்கியால் அடித்துக்கொண்டன. கரையில் கடலூரை இங்கிலீஷ் படை முற்றுகை போட்டிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர் பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி. ஆமாம், பாண்டிச்சேரியில் புஸ்ஸி வீதி இருக்கிறதே, அவரேதான். அவரைக் காப்பாற்ற வந்தவர் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரன். கப்பலில் ஆள் பற்றாமல், புஸ்ஸியிடமிருந்தே 1,200 பேர் போல வாங்கி ஏற்றிக்கொண்டார். தரையில் நின்று சுட்டுப் பழகியவர்கள். அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்களோ!

மூன்றாம் ஆபீசரான உனக்கு இது பிடிக்கும். அதற்கு முந்தைய வருஷம் வெஸ்ட் இண்டீஸ் பக்கம் ஒரு பிரெஞ்சுத் தளபதி தன் கப்பலோடு எதிரியிடம் பிடிபட்டுவிட்டார். உடனே ராஜாவிடமிருந்து உத்தரவு: இனிமேல் தளபதிகள் வரிசையில் நிற்கக் கூடாது, தள்ளி ஒரு சின்னக் கப்பலில் இருந்துதான் நடத்த வேண்டும். எப்போதும் நடுச்சண்டையில் நிற்கிற மனிதர் சுஃப்ரன். அன்றைக்கு ஃப்ரிகேட் ஒன்றில் ஓரமாக நின்று கொடி காட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மேல்காற்று அன்று அசாதாரணமாக நின்று அடித்ததாம். காற்று பிரெஞ்சுக்காரர் பக்கம். நாலு மணி வாக்கில் தொடங்கி இருட்டும்வரை சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 200 பேர் செத்தார்கள், எண்ணூறு பேருக்கு மேல் காயம். மருந்துக்குக்கூட ஒரு கப்பல் மூழ்கவில்லை. இங்கிலீஷ் தளபதி ஹியூஸிடம் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. ஆட்களுக்கு ஸ்கர்வி வேறு, பழம் காய்கறி கிடைக்காமல் ஈறு வீங்கி ரத்தம் கசிகிற நோய். அவர் சென்னைக்குப் போய்விட்டார். சுஃப்ரன் திரும்பி வந்து, வாங்கிய ஆட்களைக் கரையில் இறக்கி, கூடுதலாகவும் ஆள் கொடுத்தார். 25-ஆம் தேதி புஸ்ஸியின் ஆட்கள் வெளியே பாய்ந்தார்கள். அதில் இன்னும் கொஞ்சம் பேர் செத்தார்கள். இரண்டு தரப்பிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

29-ஆம் தேதி வெள்ளைக் கொடியோடு ஒரு இங்கிலீஷ் கப்பல் வந்தது. பேர் மெடீயா. ஐரோப்பாவில் ஜனவரி 20-ஆம் தேதியே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்தாகிவிட்டதாம்! ஐந்து மாசம், பாப்பா. செத்தவனின் வீட்டில் அப்போது சண்டை முடிந்துவிட்டது, பிள்ளை வருவான் என்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சுண்டல் ஆறிப்போய்விட்டது. அப்படியே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

எலுமிச்சை ஊறுகாய் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். ஊறுகாயை நம்பாதே, கப்பலில் பழம் போட்டால் தின்னு. சிக்னல் கிடைத்ததும், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, ஒரு வரி போடு.

அப்பா