பஸ் வந்தது, ஓட்டுநர் எங்கே?

ஆசிரியருக்கு,

2009ஆம் ஆண்டு பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க அமெரிக்க அரசு ஒதுக்கிய ஊக்க நிதியில் நெடுஞ்சாலைகளுக்கு 27.5 பில்லியன் டாலர். பொதுப் போக்குவரத்துக்கு 8.4 பில்லியன். அந்தக் கோணல் கணக்கு கிடக்கட்டும். மாநிலங்கள் தங்கள் சாலைப் பணத்தில் பாதியை 120 நாளுக்குள் பணிகளுக்கு உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள். புதுச் சாலைக்கு ஆய்வு, நிலமெடுப்பு எல்லாம் அதற்குள் முடிகிற காரியமா? தார் மேற்பூச்சு வேலைகள்தான் முந்திக்கொண்டன.

அதைவிட வேடிக்கை, அந்த நிதியில் பஸ் வாங்கலாம், ஓட்டுநருக்குச் சம்பளம் தர முடியாது என்ற விதி. எங்கள் பணிமனையில் புது பஸ் இருக்கை உறைகூடப் பிரிக்காமல் நின்றது. என் தடத்தின் கடைசி பஸ்ஸோ ரத்து. சில மாதம் கழித்தே 10 சதவீதத்தை ஓட்டுநர் சம்பளம் போன்ற இயக்கச் செலவுக்கு அனுமதித்தார்கள். 2020இல் கொரோனா நிவாரணமாகப் பொதுப் போக்குவரத்துக்கு வந்த 25 பில்லியன் டாலரில்தான் ஓட்டுநர் சம்பளத்துக்கு முதலிலேயே வழிவிட்டார்கள். பதினோரு ஆண்டு!

ஒரு பஸ் பயணி