இந்தத் தீபாவளிக்கு ஏன் லாப்ரடார் குட்டி இல்ல: நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணே, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு லாப்ரடார் குட்டி தர்றோம்னு சொல்லி உங்கள்ல 9 பேர்கிட்ட ஆளுக்கு 300 வெள்ளி முன்பணம் வாங்கியிருந்தோம், அந்தக் குட்டிங்க வராது, பணத்த இந்த வாரமே திருப்பிக் குடுத்துடுறோம். போன்ல ரெண்டு வார்த்தையில சொல்லி முடிச்சிருக்கலாம், ஆனா பினாங்கு ஆயர் ஈத்தாம் கடைக்கு வந்து, குட்டி போட வேண்டிய எங்க லாப்ரடார் ராணியக் கொஞ்சிட்டுப் போனவங்க நீங்க, இவ்ளோ நல்ல நாய ஏன் குட்டி போட விடலன்னு கேக்குறீங்க, முழுசா பதில் சொல்லணும்ல.

ராணிக்கு ரெண்டு வயசு முடியட்டும்னுதான் காத்திருந்தோம். இடுப்பு எக்ஸ்ரேவுக்கு அமெரிக்காவுல நாய்ங்களோட எலும்பு, மூட்டப் பார்த்துச் சர்ட்டிபிகேட் குடுக்குற ஓஎஃப்ஏ அமைப்போட முறையில 24 மாசம் ஆனாத்தான் முடிவான சர்ட்டிபிகேட் குடுப்பாங்க, அதுக்கு முன்ன எடுத்தா தற்காலிகம்தான். மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வச்சு, பின்னங்கால் ரெண்டையும் நேரா இழுத்துப் புடிச்சு படம் எடுத்தாங்க. தொடை எலும்போட உருண்டத் தல கிண்ணத்துக்குள்ள நல்லா ஆழமா உக்காந்திருக்கணும், ராணிக்கு இடது பக்கம் பாதிக்கு மேல வெளிய நிக்குது. பார்த்தா ஒண்ணுமே தெரியாது, ஓடுறா, குதிக்கிறா. ஆனா இந்த இடுப்புக் கோளாறு ஒரே ஒரு ஜீன்ல வர்ற விஷயம் இல்ல, நிறைய ஜீன் சேர்ந்து வர்றது, சாப்பாடும் வளர்ற விதமும் கூட சேரும், அதனால ஒரு ரத்த டெஸ்ட்ல புடிக்க முடியாது, அப்பா அம்மா இடுப்பு நல்லாருந்தாலும் குட்டிக்கு உறுதி சொல்ல முடியாது, இடுப்பு மோசம்னு தெரிஞ்ச நாய்கிட்ட குட்டி எடுக்காம இருக்குறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. தெரிஞ்சே எடுக்க மனசு வரல.

நாலு வருஷத்துக்கு முன்ன நாங்க செஞ்ச தப்பையும் சொல்லிடுறேன். டெஸ்ட் எதுவும் எடுக்காம கருப்பு லாப்ரடார் ரெண்டக் கிராஸ் விட்டோம், ஒரே ஈத்துல 8 குட்டி, 6 கருப்பு, 2 மஞ்சள். அதுல ஒரு கருப்புக் குட்டி பட்டர்வொர்த்துல ஒரு குடும்பத்துக்குப் போச்சு. ஒரு வயசு இருக்கும், சாயங்காலம் பாடாங்ல, அதான் திடல்ல, பந்து தூக்கிப் போட்டு விளையாடியிருக்காங்க, பத்து நிமிஷத்துல பின்னங்கால் ரெண்டும் தள்ளாடி அப்படியே இழுத்துக்கிட்டு விழுந்துருச்சு, கண்ணு முழிச்சுதான் இருக்கு, எந்திரிக்க முடியல. அந்த வீட்டுப் பையன் தூக்கிட்டே வீட்டுக்கு ஓடியிருக்கான். பரிசோதனையில தெரிஞ்சுது, ஈஐசின்னு ஒரு பரம்பரைக் கோளாறு, ஓடி ஓடி உடம்பு சூடேறும்போது நரம்பு வழியா சேதி சரியா போகாது, சில நாய் அதுலயே செத்தும் போகும், நம்ம ஊரு வெயில்ல கேக்கவே வேணாம். எங்க ரெண்டு நாயையும் அப்புறம்தான் டெஸ்ட் எடுத்தோம், ரெண்டுமே கேரியர். பணத்தத் திருப்பிக் குடுத்தோம், அந்தப் பையன் முகம் இன்னும் மறக்கல. நாய் உயிரோட இருக்கு, மெதுவா நடக்க மட்டும் விடுறாங்க.

கேரியர்னா என்னன்னு பலபேர் கேக்குறீங்க. ரெண்டு கருப்புக்கு மஞ்சள் குட்டி எப்படிப் பொறந்துச்சு? ரெண்டு கிட்டயும் மஞ்சளுக்கான ஜீன் ஒண்ணு ஒளிஞ்சிருந்துச்சு, ரெண்டும் ஒரே குட்டிக்கு வந்து சேர்ந்தப்போ நிறம் வெளிய வந்துருச்சு. நோயும் அதே கணக்குதான். கேரியருக்கு நோய் வராது, கேரியரையும் கேரியரையும் சேர்த்தா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து, அது 8 குட்டிக்குச் சரியா 2ன்னு வராது, ஒவ்வொண்ணுக்கும் தனியா சீட்டு குலுக்குற மாதிரி. கேரியரக் கிளியரோட, அதாவது அந்த நோய் ஜீனே இல்லாத நாயோட, சேர்த்தா ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. அதனால கேரியர்னு தெரிஞ்ச உடனே நல்ல நாயத் தூக்கிப் போட மாட்டோம், எல்லாத்தையும் ஒதுக்கிக்கிட்டே போனா மிச்சம் இருக்குற கொஞ்ச நாய்ங்களுக்குள்ளயே சேர்க்க வேண்டி வரும், அதுல வேற கோளாறு கெளம்பும். கண்ணுக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, பிஆர்ஏன்னு விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற பரம்பரை நோய்க்கு, அது ரொம்ப முக்கியம் ஏன்னா லாப்ரடாருக்குப் பார்வை மங்குறது நாலஞ்சு வயசுலதான் தெரியவரும், அதுக்குள்ள அது மூணு ஈத்து போட்டு முடிச்சிருக்கும். இந்த டெஸ்டுக்கெல்லாம் கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சி விட்டுத் தேய்ச்சு அனுப்புனாப் போதும், நாய்க்கு வலியே இல்ல.

இன்னொண்ணு, டாக்டர் பார்த்துட்டாரு ஊசி போட்டாச்சுன்னு கார்டக் காட்டுறது வேற, அப்பா அம்மாவுக்குப் பரம்பரை டெஸ்ட் எடுத்துருக்குறது வேற. மலேசிய நாய் வளர்ப்புச் சங்கம், எம்கேஏ, குடுக்குற சர்ட்டிபிகேட்லயும் வம்சம்தான் இருக்கும். எங்ககிட்ட மட்டும் இல்ல, எங்க வாங்குனாலும் தாயோட இடுப்பு ரிசல்ட்டு எங்கன்னு கேளுங்க, கேக்க வெக்கப்படாதீங்க.

ஏற்கனவே நம்மகிட்ட குட்டி வாங்குனவங்க, வீட்டு டைல்ஸ்ல வழுக்காம ஒரு பாய் விரிச்சு விடுங்க, மூணு மாசத்துக்குள்ள மாடிப்படி ஏற விடாதீங்க, குண்டாக விடவே விடாதீங்க. அமெரிக்காவுல 48 லாப்ரடார வச்சு ஆயுசு முழுக்கப் பார்த்தாங்க, பாதிக்கு 25 சதவீதம் கொறச்சலா சாப்பாடு, அதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட வாழ்ந்துச்சுங்க, மூட்டு வலியும் தள்ளித்தான் வந்துச்சு.

அடுத்த குட்டி எங்க இன்னொரு லாப்ரடார் மல்லிகாகிட்ட, அவளுக்கு ஜீன் டெஸ்ட் எல்லாம் கிளியர், இடுப்பு எக்ஸ்ரே அடுத்த வருஷம்தான், நல்லா வந்தா இந்த 9 பேருக்குத்தான் முதல்ல சொல்லுவோம். ராணிய யாருக்கும் குடுக்கல, கருத்தடை ஆபரேஷன் ஆயிருச்சு, கல்லாப் பக்கத்துல பாய்ல படுத்திருக்கா. வரும்போது தடவிக் குடுங்க, பிஸ்கட் மட்டும் வேணாம், எடை ஏறக்கூடாது.