ஐஸ் கொடுத்த அக்காவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

கடலூர் தேவனாம்பட்டினம், தாழங்குடா, முதுநகர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பழுது பார்த்த எங்கள் படகு மறுபடி கடலில் இறங்கிவிட்டது. நேற்று விடியலில் முகத்துவாரம் தாண்டிப் போய், திரும்பியும் வந்தாயிற்று. இன்ஜினிலிருந்து ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிற தண்டு, அதாவது சாஃப்ட், ஆடவில்லை. சாஃப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கிற பேக்கிங்கில் சொட்ட வேண்டிய சொட்டைத் தவிர உள்ளே தண்ணீர் இல்லை. விரலில், ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பிசுக்கு போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தொழிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நன்றியாவது, ஒன்றாவது!

என்ன நடந்தது என்று கரையில் தெரியாதவர் இல்லை, அந்த ராத்திரியை நான் மறுபடி கிளறப் போவதில்லை. கடலில் மாட்டிக்கொண்ட எங்களைக் கயிறு வீசி இழுத்து வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லியாயிற்று. அங்கே அம்மா அழுததற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை.

இங்கே சொல்ல வந்தது, துறைமுகத்தில் மீன் எடுத்து முதுநகர்த் தெருக்களில் விற்கிற ஒரு அக்காவைப் பற்றி. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

எங்களுடையது உள்ளே இன்ஜின் வைத்த சின்ன ஃபைபர் படகு. சாஃப்ட் வெளியே வருகிற இடத்தில், பித்தளை உறைக்குள் ரப்பர் ஒட்டிய புஷ் ஒன்று இருக்கும். கட்லஸ் பேரிங் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அதற்கு எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. ரப்பரில் நீளவாக்கில் காடி வெட்டியிருக்கும், அதில் ஓடுகிற கடல்தண்ணீர்தான் அதற்கு மசகு. தண்ணீரோடு முகத்துவாரத்து மணலும் சேர்ந்து ஓடினால் ரப்பர் தேயும், சாஃப்ட் ஆடும், அந்த ஆட்டம் ஸ்டெர்ன் டியூபை, அதாவது சாஃப்ட் வெளியே போகிற குழாயை, சுற்றியிருக்கிற ஃபைபரைப் போட்டுக் கிழிக்கும். எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிருந்தது.

பழைய பேரிங்கை எடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஹேக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, உள்ளிருந்தே நீளவாக்கில் அறுக்க வேண்டும். பித்தளையை அறுக்கலாம், டியூபைக் கீறிவிடக் கூடாது. கண்ணெல்லாம் பித்தளைத் தூள். அறுத்த இடத்தில் உளியால் தட்டி உள்பக்கமாக மடக்கியதும் கையோடு வந்தது.

புதியது ஒழுங்காக நுழைந்திருந்தால் இந்த மடலில் பாதி இருக்காது. டியூபின் வாயிலேயே நின்றுவிட்டது. சுத்தியலால் அடித்தால் பித்தளை நசுங்கும். டியூபைச் சூடு காட்டி விரிக்கலாமென்றால், சுற்றிலும் புதிதாகப் போட்ட ஃபைபர், கருகிப்போகும். மிச்சம் ஒரே வழி, பேரிங்கைக் குளிர வைத்துச் சுருக்குவது. சுருங்குவது ஒரு தலைமுடியில் பாதிக் கனம்கூட இருக்காது, ஆனால் அது போதும். கத்திரி வெயில் உச்சியில். அன்று பார்த்து ஐஸ் வண்டி வரவில்லை.

அந்த அக்கா பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார். தெர்மாகோல் பெட்டி நிறைய சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும். நாங்கள் கேட்கவில்லை. மீன்காரரிடம் மத்தியான வெயிலில் ஐஸ் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று எங்களுக்குத் தெரியாதா? எங்கள் பேச்சு காதில் விழுந்து அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தா, அள்ளிக்கோ."

"வேணாங்கா, மீனு கெட்டுப்போயிடும்."

"அதுக்கு முன்னாடி வித்துட்டுப் போறேன். நீ அள்ளு."

அள்ளி ஒரு வாளியில் போட்டு பேரிங்கைப் புதைத்தோம். அவர் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெறும் ஐஸ்ல என்னா குளிரும்? குல்ஃபிக்காரன பாத்ததில்லியா?" என்று சொல்லி, கருவாட்டுத் தளத்துப் பக்கம் போய் முந்தானையில் கல்லுப்பு அள்ளிவந்து வாளியில் கொட்டினார். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன் நான், டிப்ளமோகூட முடித்தவன். அந்த நேரத்தில் அது அவருக்குத்தான் தோன்றியது.

அரைமணி நேரம் கழித்து, துணியோடு பிடித்து எடுத்தோம். வெளியே வந்ததும் பித்தளையில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டை வைத்து நாலு தட்டு. பாதி தூரம் வழுக்கிக்கொண்டே போனது, மீதியும் பிடிவாதம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அக்கா பஸ்ஸை விட்டுவிட்டார். மீனை அங்கேயே கரையிலேயே கூவி விற்றார், நிச்சயம் குறைந்த விலைக்குத்தான். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "காசு வேணாம். நெத்திலி பட்டா ஒரு வாரம் ஏலத்துல வுடாம எனக்குக் குடு, வெல நியாயமா சொல்லு" என்றார். தானமாகக் கொடுத்திருந்தால் கூசிப்போயிருப்பேன். வியாபாரமாகப் பேசியது மனசுக்கு இதமாக இருந்தது. ஒரு வாரம் இல்லை அக்கா, இந்தப் பருவம் முழுக்க எங்கள் படகு நெத்திலியில் முதல் கூடை உங்களுக்கு. இதை ஊரறிய எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

மற்றவர்களுக்கு: சாஃப்டை லேத்தில் பூட்டிச் சுற்றவிட்டு, வளைவு இல்லை என்று காட்டிய பிறகே கூலி வாங்கிய அண்ணன். சுனாமிக்குப் பிறகு இங்கே முளைத்த படகுக் கூடங்களில் கை பழகி, இன்றைக்கும் நாணயத்தால் தட்டிப் பார்த்தே ஃபைபரில் எங்கே தண்ணீர் ஊறியிருக்கிறது என்று சொல்கிற ஃபைபர் மாமா. வெடித்த இடத்து ஃபைபரின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்கச் சொன்னபோது மனசுக்குள் அவரைத் திட்டினேன், மாமா மன்னிக்கவும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வெயில் ஏறுமுன் மேட், ரோவிங் என்கிற இரண்டு வகைக் கண்ணாடி இழை விரிப்பையும் மாற்றி மாற்றிப் போட ரோலர் பிடித்த தம்பிகள். டிராக்டர் கொடுத்தவர், ஜெனரேட்டர் கொடுத்தவர், கணக்கில் எழுதாமல் டீ அனுப்பிய கடை. எல்லோருக்கும் நன்றி.

விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற இந்தத் தடைக்காலத்தில்தான் ஃபைபர்காரனுக்கு நாலு காசு. ஜூன் 14 தாண்டிவிட்டால் விலை இறங்கிவிடும். அது தெரிந்தும், தங்கள் பிழைப்பை விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். அப்பா கட்டுமரக் காலத்து ஆள். கயிறு அறுந்தால் தானே கட்டிக்கொண்டு மறுநாள் போய்விடுவார். ஃபைபர் வந்த பிறகு தொழில் சுலபம் என்கிறார்கள், தூரம் போகலாம், சீக்கிரம் வரலாம், வாஸ்தவம். ஆனால் ஒரு சாண் நீளப் புஷ் போனால் லேத்து வேண்டும், ரெசின் வேண்டும், உப்பு வேண்டும், இத்தனை பேர் வேண்டும். இது முன்னேற்றமா என்று அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார்.

மிச்சமான ரெசினும் மேட்டும் ஒரு உபரி புஷ்ஷும் வலைபின்னும் கூடத்தில், நிழலில் வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டாம். ரெசினை இறுக வைக்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் வேண்டுமென்றே தனித்தனி மூலையில் வைத்திருக்கிறேன், ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.