வயிற்று வலியும் மருந்துக்கடை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் எந்தத் தெருவிலுள்ள மருந்துக்கடையிலும் இரவு எட்டு மணிக்கு மேல் சற்று நேரம் நின்றால், "வயிறு ஒரு மாதிரியா இருக்கு, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். பெரம்பூர் வட்டாரத்தில் மருந்தாளுநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், அந்தக் கேள்விக்கு மறுபக்கம் நின்றவன். வருபவர் என்ன நோய் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார். அந்த முடிவு பெரும்பாலான நாள்களில் சரியாகவும் இருந்துவிடுகிறது. அது தவறாகிப்போகும் சில நேரங்களைப் பற்றியே இக்கடிதம்.

வயிற்று வலி என்றாலே அலற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது, நாள்கணக்கில் மலம் சரியாகப் போகாமல் இருப்பது, மாதவிடாய், மனக்கவலை ஆகியவை தரும் வலி தானாகவே அடங்கும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் நம்மில் பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுவதால், நாளுக்கு நான்கைந்து காபி குடிப்பவர் வயிற்று உப்புசத்துக்குப் பாலைச் சந்தேகிப்பதே நல்லது. இவற்றுக்கு ஓமத் தண்ணீரும் சீரகக் கஷாயமும் போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் வலி இடம் மாறினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும். குடல்வால் அழற்சியில் (அப்பென்டிசைட்டிஸ்) வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துவிடும். பசி அற்றுப்போகும், குமட்டலும் லேசான காய்ச்சலும் சேரும், இருமினாலோ நடந்தாலோ வலி கூடும். இந்நிலையில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும், குடலேற்றம் என்று வயிற்றைத் தட்டி நீவிவிடுவதும் வீங்கியிருக்கும் குடல்வால் வெடிப்பதற்கு வழிவகுக்கலாம். வயிற்றில் சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பவரிடம் ஒரு நாள், அடுத்த தெரு வைத்தியரிடம் ஒரு நாள் என்று கடத்துவதற்கு இந்த நோய் அவகாசம் தருவதில்லை.

கடையில் நின்ற காலத்தில் நான் அதிகம் அஞ்சியது மேல்வயிற்று எரிச்சலைத்தான். இதயத்தின் அடிப்பகுதிச் சுவருக்குச் செல்லும் இரத்தம் தடைபடும்போது, வலி நெஞ்சில் தெரியாமல் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலாகவோ அழுத்தமாகவோ குமட்டலோடு தோன்றக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு இவ்வாறு வேடமிட்டு வருவது அரிதன்று. நடுத்தர வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர், புகைப்பவர் ஆகியோருக்குத் திடீரென மேல்வயிறு அடைத்து, உடல் வியர்த்து, மூச்சு வாங்கினால், சோடா குடித்து ஏப்பத்துக்காகக் காத்திருக்காமல் ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். ஏப்பம் விட்டதும் சற்று இதமாக இருந்தது என்பதற்காக இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் ஈசிஜி சரியாக இருந்தும் மருத்துவர் சிறிது நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொன்னால், காசு பறிக்கிறார் என்று எண்ணவும் வேண்டாம். மாற்றம் பிந்தித் தெரிவதும் உண்டு.

மேல்வயிற்று வலி எல்லாம் இதயமும் அல்ல. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் வலப்பக்க விலாவுக்கடியில் எழுந்து தோள்பட்டைக்குப் பரவும் வலி பித்தப்பைக் கல்லைக் காட்டும்; முதுகுக்கு ஊடுருவி, முன்பக்கம் குனிந்தால் சற்றே தணியும் கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம், மதுப்பழக்கம் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கோடையில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுபவர்களுக்கு விலாப்புறத்திலிருந்து தொடை இடுக்குவரை சுண்டி இழுக்கும் வலி வந்தால், சிறுநீரகக் கல்லை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூச்சத்தால் மறைக்கப்படும் வலிகளும் உள்ளன. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியும் தலைசுற்றலும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். உள்ளே இரத்தம் கசிந்தால் அது உயிருக்கே ஆபத்து. விடலைப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லி, விதை முறுக்கிக்கொண்டதைச் சொல்லக் கூசுவான். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதையை இழக்க நேரிடலாம் என்பதால், பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கிக்கொண்டு, மலத்தில் இரத்தமும் சளியும் போனால் உரம் விழுந்ததாக, அதாவது தூக்கும்போது தசை பிடித்துக்கொண்டதாகக் கருதி நேரம் கடத்தாமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையில் வரும் கடும் வயிற்று வலியும் விடாத வாந்தியும் நோய் முற்றுவதன் அறிகுறி. காய்ச்சல் விட்டதே என்று நிம்மதி அடைவது அப்போதுதான் ஆபத்து. கழிவுநீர் கலந்த குடிநீரால் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருவதை இந்நகரத்தார்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரமாக இல்லாமல் மெல்ல வளரும் வலி வேறு வகை. முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் விழுங்கி, அதனால் இரைப்பை புண்ணாகி, அந்த எரிச்சலுக்குப் பான்டோபிரசோல் என்னும் அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் அட்டை அட்டையாக வாங்குபவர்கள் நம்மிடையே ஏராளம். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும் காரணம் ஒரு கிருமி என்பதைக் கண்டறிந்ததற்காகவே பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை ஒழிக்கக் குறிப்பிட்ட நாள்களுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து தேவை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் போதாது. அதோடு, சென்னை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நீண்ட காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. அதன் தொடக்க அறிகுறிகளை இதே மாத்திரை மூடிமறைத்துவிடக்கூடும். எனவே வலி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, உணவு இறங்க மறுத்தாலோ, மாலைக் காய்ச்சல் தொடர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடல் காசநோயும் இந்த வடிவில் வருவதுண்டு.

இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், தொட்டால் பலகைபோல் இறுகிய வயிறு, மலமும் வாயுவும் பிரியாமல் உப்பிய வயிற்றோடு வாந்தி, கண்கள் மஞ்சளாகிக் குளிர்க்காய்ச்சல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்கலாம். ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகளில் இரவிலும் அவசர சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

மருந்துக்கடைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாத்திரையை எடுப்பதற்கு முன் வலி எங்கே, எப்போது தொடங்கியது, வியர்க்கிறதா, பெண்ணாயின் கர்ப்பமா என்று கேளுங்கள். மாநகராட்சியும் இந்த அபாய அறிகுறிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் ஒட்டச் செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை.