ஸ்ட்ரைப்பர் பெயரை அடித்துவிட்டால் சால்மன் வந்துவிடுமா?

ஆன்டியாக், கலிபோர்னியா, 2016

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நம் கலிபோர்னியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜெஃப் டென்ஹாம் கொண்டுவந்திருக்கும் சால்மன் மீன் மசோதாவை ஆதரித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி நீங்கள் வாட்ஸப் குழுவில் அனுப்பியிருந்த செய்தியைப் படித்தேன். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பாதிப் பேர் மசோதாவைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டிருப்பார்கள். நான் திறந்து பார்த்தேன், எனக்குச் சரியாகப் படவில்லை. குழுவிலேயே மறுத்து எழுதினால் அரை மணி நேரத்தில் பேச்சு வேறு எங்கோ போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். தவிர, இதே செய்தி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களின் மற்ற குழுக்களிலும் சுற்றுகிறது. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மசோதா எண் எச்.ஆர். 4582. பெயர் 'சேவ் அவர் சால்மன்', அதாவது நம் சால்மனைக் காப்போம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்! உள்ளே இருப்பது சின்ன வேலை. மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டம் என்பது இங்கே அணையும் கால்வாயும் கட்டி வயல்களுக்குத் தண்ணீர் தரும் மத்திய அரசின் திட்டம். 1992இல் வந்த அதன் மேம்பாட்டுச் சட்டம், கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன்களின் இயற்கையான பெருக்கத்தை, 1967 முதல் 1991 வரை இருந்த சராசரியைப் போல இரண்டு மடங்காக்க வேண்டும் என்றது. சால்மன், ஸ்டீல்ஹெட், ஸ்டர்ஜன், அமெரிக்கன் ஷாட், ஸ்ட்ரைப்டு பாஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. டென்ஹாம் ஸ்ட்ரைப்டு பாஸை, அதாவது நாங்கள் ஸ்ட்ரைப்பர் என்று கூப்பிடும் மீனை, மட்டும் அதிலிருந்து அடிக்கச் சொல்கிறார். அது சால்மன் குஞ்சுகளைத் தின்கிறது, தின்னும் மீனையும் தின்னப்படும் மீனையும் ஒரே சட்டம் இரண்டு மடங்காக்கச் சொல்வது அபத்தம் என்பது அவர் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தின்கிறதா என்றால் தின்கிறது, அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. பிடித்த மீனைக் கழுவும்போது வயிற்றைக் கீறி என்ன சாப்பிட்டிருக்கிறது என்று பார்ப்பது தூண்டில்காரர்களின் பழக்கம். அடுத்த முறை என்ன இரை போடலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். பெரும்பாலும் பாதி செரித்த ஷாட் குஞ்சு, நெத்திலி, இறால், சின்ன நண்டு. வசந்த காலத்தில் சில சமயம் விரல் நீள சால்மன் குஞ்சும் இருக்கும். முதுகு கரைந்து போயிருந்தாலும் வயிற்றுப் பக்கத்து வெள்ளி அப்படியே மினுங்கும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் "வந்தேறி மீன்" என்று உங்கள் செய்தியில் ஒரு வரி இருந்ததே, அது மட்டும் வேண்டாம். ஸ்ட்ரைப்பர் கிழக்குக் கரை மீன்தான், சந்தேகமில்லை. 1879இல் நியூஜெர்சி ஆறுகளில் பிடித்து, ரயிலில் ஏற்றி, நாட்டின் குறுக்கே கொண்டுவந்து கார்கினஸ் நீரிணையில் விட்டார்கள். விட்டது 132 மீன்கள். 1882இல் இன்னொரு முறை, சுமார் 300. அவ்வளவுதான். 1899இல் இங்கே ஒரே ஆண்டில் 12 லட்சம் பவுண்டுக்கு மேல் ஸ்ட்ரைப்பர் பிடித்து விற்றிருக்கிறார்கள். சரி, வந்தேறிதான். அப்புறம் அதே பட்டியலில் இருக்கும் அமெரிக்கன் ஷாட்? அதுவும் 1871இல் கிழக்கிலிருந்து கொண்டுவந்து சாக்ரமெண்டோவில் விட்டதுதான். அதை மசோதா தொடவே இல்லை. ஆக, ஊர் எது என்பது பிரச்சினையே இல்லை.

தின்பதுதான் பிரச்சினை என்றால் கணக்கு இடிக்கிறது. 1960களில், சாக்ரமெண்டோவும் சான் வாக்கீனும் கூடும் இந்த டெல்டாவில் ஸ்ட்ரைப்பர் 30 லட்சம் வரை இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. அதே காலத்தில், 1969இல், குளிர்கால சால்மன் (குளிர்காலத்தில் ஆற்றுக்குள் ஏறி வரும் சால்மன் வகை) மட்டும் லட்சத்துக்கு மேல் முட்டையிட வந்தது. 1994இல் அது 200ஐக்கூடத் தொடவில்லை. அதற்குள் ஸ்ட்ரைப்பரும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. தின்னும் மீன் நிறைய இருந்தபோது சால்மனும் நிறைய இருந்தது. தின்னும் மீன் குறைந்தபோது சால்மனும் குறைந்தது. 2000க்குப் பிறகு இன்னும் மோசம். டெல்டா ஸ்மெல்ட், லாங்ஃபின் ஸ்மெல்ட், த்ரெட்ஃபின் ஷாட், கூடவே ஸ்ட்ரைப்பர் குஞ்சு, நான்கும் ஒரே சமயத்தில் சரிந்தன. ஒன்று மற்றதைத் தின்று தீர்த்தது என்றால் தின்றது கொழுத்திருக்க வேண்டாமா? எல்லாம் சேர்ந்து விழுகிறது என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பொதுவானது தண்ணீர்தான் அண்ணா.

ஸ்ட்ரைப்பர் முட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சாக்ரமெண்டோ ஆற்றில், கொலூசாவுக்கும் சாக்ரமெண்டோ நகரத்துக்கும் நடுவே பெரிய பெண் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து சினையைக் கொட்டும். சின்ன ஆண் மீன்கள் சுற்றிலும் தண்ணீரை அடித்துக் கலக்கும். கரையில் நிற்பவர்களுக்கே சத்தம் கேட்கும். சால்மன் மாதிரி கூழாங்கல்லில் குழி தோண்டிப் புதைத்து வைக்கிற பழக்கம் இதற்குக் கிடையாது. முட்டை தண்ணீரோடு போக வேண்டும், போய்க்கொண்டே இரண்டு மூன்று நாளில் பொரிய வேண்டும். ஓட்டம் நின்றால் முட்டை அடியில் படிந்து செத்துப்போகும். பொரிந்த குஞ்சு டெல்டாவின் கீழ்ப்பகுதிக்கு வந்து சேரவும் ஓட்டம் வேண்டும். சால்மன் குஞ்சுகள் கடலுக்குக் கிளம்புவதும் வசந்த காலத்தில்தான், அவற்றுக்கும் அதே ஓட்டம் வேண்டும். டெல்டாத் தண்ணீரைத் தெற்கே வயல்களுக்கு இறைக்கும் பம்புகளுக்குத் தண்ணீர் கேட்பவர்களுக்கும் அதே மாதங்களில் வேண்டும்.

ஆகவே அந்தச் சட்டத்தில் ஸ்ட்ரைப்பரின் பெயர் என்பது ஆற்றில் ஓடும் தண்ணீருக்கு இன்னொரு பங்குதாரர் போட்டிருக்கும் கையெழுத்து. அதை அடித்தால் தண்ணீருக்காக வாதாடும் ஆட்களில் ஒருவர் குறைவார். 1992 சட்டம் மீனுக்கும் மற்ற வனவிலங்குகளுக்கும் என்று ஆண்டுக்கு 8 லட்சம் ஏக்கர்-அடித் தண்ணீரை ஒதுக்கியது (ஏக்கர்-அடி என்றால் ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்). அந்த ஒதுக்கீட்டை எப்படியாவது பிடுங்க வேண்டும் என்று அன்றிலிருந்து முயன்றுகொண்டிருப்பவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த மசோதா நிறைவேறினாலும் ஆற்றிலிருந்து ஒரு ஸ்ட்ரைப்பர்கூடக் குறையாது. நாளைக்கு இரண்டு மீன்தான் எடுக்கலாம், 18 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும் என்பது மாநில விதி. அதை மத்தியச் சட்டம் மாற்றவில்லை. மாற்றும் முயற்சி தனியாக ஒரு முறை நடந்தது. தெற்கத்திய விவசாய நிறுவனங்கள் பின்னால் இருந்த ஒரு கூட்டணி 2008இல் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டு, 2011இல் சமரசம் செய்துகொண்டது. அதன்படி மீன்வளத் துறையே ஆறு மீன், 12 அங்குலம் என்று பரிந்துரைத்தது. 2012 பிப்ரவரியில் மாநில ஆணையம் அதை ஒருமனதாக நிராகரித்தது. மாநிலத்தில் நடக்காதது இப்போது வாஷிங்டன் வழியாக வேறு உருவத்தில் வருகிறது.

குஞ்சுகள் எங்கே தின்னப்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். டிரேசி பக்கத்தில் மத்திய அரசின் பம்ப் நிலையமும் மாநில அரசின் பம்ப் நிலையமும் இருக்கின்றன. மாநில பம்ப்புக்கு முன்னால் கிளிஃப்டன் கோர்ட் என்ற தேக்கம். மதகு திறந்ததும் ஆற்றுத் தண்ணீர் உள்ளே பாயும், அதோடு சால்மன் குஞ்சும் இழுபட்டு வரும். பெரிய ஸ்ட்ரைப்பர்கள் மதகடியில் தயாராக நிற்கும். பம்புக்குள் மீன் போகாமல் தடுக்கும் சல்லடைக்குப் போய்ச் சேரும் முன்பே குஞ்சுகளில் பெரும்பகுதி காலி. தப்பிச் சல்லடையில் சிக்கியவற்றைத் தொட்டியில் பிடித்து, டேங்கர் லாரியில் ஏற்றி, டெல்டாவின் மேற்கே கொண்டுபோய்க் குழாய் வழியாக ஆற்றில் விடுவார்கள். அப்படி விடும் இடங்களில் ஒன்று எங்கள் ஆன்டியாக் பக்கம் இருக்கிறது. லாரியில் குலுங்கி வந்த குஞ்சுக்கு எது மேல் எது கீழ் என்றே தெரியாது, குழாய் வாயிலேயே மாட்டும். ஆண்டுக்கணக்காக அதே இடத்தில் கொட்டினால் மீன் கற்றுக்கொள்ளாதா? இலை போட்டுப் பரிமாறியவனை விட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்தவனைத் திருடன் என்கிறோம்.

சாக்ரமெண்டோ ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ரெட் ப்ளஃபில் இதே கதைதான் நடந்தது. அங்கே தடுப்பணைக் கதவுகளுக்குக் கீழே குழம்பி நின்ற குஞ்சுகளை ஸ்ட்ரைப்பரும் தின்றது, இந்த ஊரின் சொந்த மீனான பைக்மின்னோவும் தின்றது. என்ன செய்தார்கள்? மீனைக் கொல்லவில்லை. புதிய பம்ப் நிலையம் கட்டி 2012இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், கதவுகளை நிரந்தரமாகத் தூக்கிவிட்டார்கள். ஆறு தன் பாட்டுக்கு ஓடுகிறது. டென்ஹாம் இப்படி ஒரு மசோதா கொண்டுவந்திருந்தால் நானே குழுவில் அனுப்பியிருப்பேன்.

தின்னும் மீனைப் பிடித்து அகற்றிப் பார்த்த ஆய்வும் உண்டு, மோக்கலம்னி ஆற்றில். முதல் முறை அகற்றியதும் சால்மன் குஞ்சுகள் பிழைப்பது கூடியது. இரண்டாம் முறை அகற்றியபோது அந்தப் பலன் இல்லை, பழைய நிலைக்கே போனது. மேலே இருந்த மதகைத் திறந்து ஓட்டம் கூடியபோது மறுபடி கூடியது. யூசி டேவிஸின் பீட்டர் மோய்ல் மாதிரி இந்த மீன்களோடே வாழ்நாளைக் கழித்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். ஸ்ட்ரைப்பர் தின்பது சால்மனை மட்டுமல்ல, டெல்டா ஸ்மெல்ட்டின் முட்டையையும் பொடிக் குஞ்சையும் தின்னும் சில்வர்சைடு போன்ற சின்ன மீன்களையும்தான். மேலே இருப்பதை எடுத்தால் நடுவில் இருப்பது பெருகும்.

போன இரண்டு வருடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்கால சால்மனுக்கு மெக்லவுட் போன்ற குளிர்ந்த மேலாறுகள்தான் வீடு. 1945இல் முடிந்த சாஸ்டா அணை அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது அணைக்குக் கீழே, கோடையில், அணையின் அடித்தண்ணீரை நம்பித்தான் முட்டையிடுகிறது. 2014இலும் 2015இலும் சாஸ்டாவில் குளிர்ந்த தண்ணீர் தீர்ந்துபோனது. இரண்டு ஆண்டும் முட்டையிலும் பொடிக் குஞ்சிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் அங்கேயே செத்தன. டெல்டாவில் நிற்கும் எந்த ஸ்ட்ரைப்பரும் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. அதே 2014, 2015இல் மெண்டோட்டா பக்கம் உங்கள் பாதாம் தோட்டத்துக்கு மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டத்திலிருந்து வந்த ஒதுக்கீடு பூஜ்யம். கிணறு இன்னும் ஆழம், பம்ப் இன்னும் பெரிசு, பாதாம் மரத்தை ஒரு வருடம் காயப்போட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. எல்லாம் புரிகிறது. ஆனால் கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்ற பேச்சை நீங்கள் அந்தப் பக்கத்துக் கூட்டங்களில் கைதட்டிக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். நீங்கள் பேராவூரணிக்காரர். மேலே இருப்பவன் தேவை முடிந்த பிறகு மிச்சத்தை விட்டால் கடைமடைக்கு என்ன வந்து சேரும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே.

இங்கே கடைமடையில் இருப்பவர்கள் யார் என்று ஒரு சனிக்கிழமை காலை ஷெர்மன் தீவு வரப்பில் வந்து பாருங்கள். பிலிப்பினோ தாத்தாக்கள், லாவோஸ் பக்கத்திலிருந்து வந்த மாங் இனக் குடும்பங்கள், மெக்ஸிகோக்காரர்கள், ஸ்டாக்டனிலிருந்து வரும் நம் பஞ்சாபிகள். மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி, ராடு நுனியில் சின்ன மணி, ஈயக்குண்டுக்கு மேலே வெட்டிய மத்தித் துண்டு. படகு இல்லாதவன் பெரிய மீனைப் பிடிக்க இந்த ஆற்றில் இருக்கும் நல்ல வாய்ப்பு ஸ்ட்ரைப்பர்தான். கடலில் சால்மன் பிடிப்பவர்களின் சங்கங்களும் இந்த மசோதாவை நம்பவில்லை என்பதையும் கவனியுங்கள். (பிடித்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். தங்க வேட்டைக் காலத்துப் பாதரசம் இன்னும் இந்த மீனில் இருக்கிறது, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று மாநிலமே எச்சரிக்கிறது. உங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்தபோது அண்ணியிடம் இதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.)

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போடுவதாக இருந்தால், டென்ஹாம் அலுவலகத்துக்கு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள்: ஸ்ட்ரைப்பர் பெயரை எடுத்த பிறகு, ஏப்ரலிலும் மே மாதத்திலும் சால்மனுக்காக ஆற்றில் எத்தனை ஏக்கர்-அடித் தண்ணீர் கூடுதலாக விடப்படும்? எண்ணோடு பதில் வந்தால் குழுவில் போடுங்கள், நானும் கட்டைவிரலைத் தூக்குகிறேன்.

அன்புடன்,
ஆன்டியாக்கிலிருந்து உங்கள் தம்பி